பெயர் வெட்டிய கட்டுரை

மார்ச் 4, செவ்வாய்

ஓய்வூதிய அலுவலகத்துக்கு இன்று மூன்றாவது முறை போனேன். போன வருடம் வரை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், நான் உயிரோடிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த வருடம் கட்டைவிரலை ஒரு கண்ணாடிச் சில்லின்மேல் வைக்க வேண்டுமாம். வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு. அந்தக் கண்ணாடியில் எத்தனை பேருடைய வியர்வை, பிசுக்கு, என்னென்னவோ! கைக்குட்டையால் துடைத்தேன். "மெஷினைத் தொடாதீங்கம்மா" என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்தவள், நகத்தைக் கடித்துக்கொண்டே. தொடாமல் விரலை எப்படி வைப்பது?

ரேகை தேய்ந்துவிட்டதாம். அடுத்த வாரம் வரச் சொன்னாள். அடுத்த வாரத்துக்குள் முளைத்துவிடுமா?

வீட்டில் ஒரு கடிதம் காத்திருந்தது. காலாண்டிதழுக்கு ஐம்பது வயதாகிறது. சமூக நலக் கொள்கைக்கென்று என் கணவர் ஆரம்பித்த இதழ்; அவர் போய் ஆறு வருடமாகியும் நிற்காமல் வருகிறது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். "நிறுவன ஆசிரியரின் வாழ்க்கைத் துணைவி என்ற முறையில், அன்னாரின் அயராத பணிக்குத் தாங்கள் துணைநின்ற இனிய நினைவுகளை ஒரு பக்க அளவில் எழுதித் தர வேண்டுகிறோம்." இயக்குநர் கையெழுத்து.

சிவப்புப் பென்சிலை எடுத்து 'இனிய' என்ற சொல்லை அடித்தேன். பிறகு 'அன்னாரின்' என்பதை. பிறகு முழுக் கடிதத்தையும்.

மார்ச் 7, வெள்ளி

இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தேன். தேன் ஒழுகுகிறது அந்த ஆளின் குரலில். காதைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"மேடம்! எப்படி இருக்கீங்க? உங்க கையால ஒரு பக்கம் கிடைச்சா எங்களுக்குப் பெரிய பாக்கியம்."

"நான் துணைநின்றதில்லைங்க. உட்கார்ந்து வேலை பார்த்தேன். முப்பத்தொரு வருஷம், ஜன்னல் பக்கத்து மேசையில."

"அஃப்கோர்ஸ், மேடம், அஃப்கோர்ஸ். சார் அடிக்கடி சொல்லுவாரே, வீட்டம்மா இல்லேன்னா இதழ் இல்லைன்னு."

வீட்டம்மா. அவர் அப்படிச் சொல்லியிருப்பார். சொல்லக்கூடியவர்தான். இதழின் முதல் பக்கத்தில் என் பெயரைப் போடலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "போட்டா குடும்பப் பத்திரிகைன்னு சிரிப்பாங்க" என்றார். அதோடு விட்டேன். நூற்று இருபத்து நான்கு இதழ்கள். என் கை படாத பக்கம் ஒன்று கிடையாது. அச்சில் என் பெயர் ஒரு முறைகூட இல்லை.

நிர்வாக ஆசிரியர் என்று வரலாற்றில் போடுங்கள், ஒரு பக்கமென்ன, ஐம்பது பக்கம் எழுதித் தருகிறேன் என்றேன். ஆதாரம் எதாவது இருந்தால் வரலாறு எழுதுபவரிடம் காட்டுங்கள், அவரை அனுப்பிவைக்கிறேன் என்றார்.

ஆதாரம் கேட்கிறார்கள்! என்னிடம்!

மார்ச் 12, புதன்

வரலாறு எழுதுபவள் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கூலிக்கு நிறுவன வரலாறுகள் எழுதுபவள். இதற்கு முன் ஒரு சிமெண்ட் ஆலைக்கு எழுதினாளாம். பேனா மூடியை வாயில் போட்டு மெல்லுகிறாள். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் மூடியோடு வெளியே நிறுத்தியிருப்பார். மென்ற மூடியை என் மேசைமேல், ஈரத்தோடு, வைத்தாள். ஒரு காகிதத்தை அதன் அடியில் நகர்த்தினேன். புரிந்துகொண்டு எடுத்துவிட்டாள். அந்த அளவுக்கு நல்லவள்.

வேலை எப்படி நடந்தது என்று சொன்னேன். கட்டுரை மூன்று பிரதிகளாக வரும். எழுதியவர் பெயரும் விலாசமும் தலைப்புக்குக் கீழே இருக்கும். கத்தரிக்கோலால் அந்தத் துண்டை மூன்றிலும் வெட்டி எடுத்துவிட்டு ஓர் எண் கொடுப்பேன். பெயர் தெரியாமல்தான் மதிப்பீட்டாளர்கள் படிக்க வேண்டும். பெரிய ஆளா, நண்பரா, எதிரியா என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். வெட்டிய துண்டை என் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒட்டுவேன். யாருக்கு அனுப்பினேன், அவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் பக்கத்திலேயே. பதிவேடு என் பீரோவில், சாவி என் இடுப்பில். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் கத்தரி மேடம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பதிவேடு இன்னும் இருக்கா?" என்றாள். மூடி வாயை நோக்கிப் போய் பாதியில் நின்றது.

"மூணு இருக்கு."

"அதைக் காட்டினா போதும், மேடம். நீங்கதான் ஆசிரியர்னு எழுதறதை யாரும் தடுக்க முடியாது."

இதுவரை எழுதியதில் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தலைப்பு: 'ஏழாவது வருகை'. என் கணவருடைய புகழ்பெற்ற கட்டுரையைப் பற்றியது. உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர்களில் கணிசமானவர்கள் ஏழாவது முறை அலைக்கழிக்கப்பட்டதும் வருவதையே விட்டுவிடுகிறார்கள் என்று எண்ணிக்கையோடு காட்டியது அது. அதன்பிறகு எத்தனையோ இடங்களில் விதி மாறியது. அவர் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவுக்கே அதுதான் பெயர். 'இதழின் மணிமகுடம்' என்று எழுதியிருக்கிறாள்.

மணிமகுடம். சிமெண்ட் ஆலைக்கும் இதையே எழுதியிருப்பாள்.

மார்ச் 13, வியாழன்

பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டினேன். முதலாவதில் பூச்சி அரித்திருக்கிறது. இரண்டாவது நன்றாக இருக்கிறது. என் கையெழுத்து! இப்போது யாருக்கு இப்படி எழுத வருகிறது?

210 வரை பார்த்துவிட்டு மூடி வைத்தேன். கண் வலி.

கண் வலி இல்லை.

மார்ச் 15, சனி

எழுதிவிடுகிறேன். இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. அதுதான் இதில் ஆக அருவருப்பானது.

எண் 214. இதழின் ஒன்பதாவது வருடம். ஒட்டிய துண்டில் ஒரு பெண்ணின் பெயர். பல்கலைக்கழகம் கிடையாது, பட்ட வரிசை கிடையாது. 'கள ஆய்வாளர், நல அலுவலகம்' என்று மட்டும். வீடுவீடாகப் போய் உதவித்தொகை கேட்பவர்களை விசாரிக்கிற உத்தியோகம். முந்நூற்று அறுபத்தெட்டுக் குடும்பங்களை, யாரும் கேட்காமலே, நான்கு வருடம் தொடர்ந்து எழுதிவைத்திருந்தாள். எத்தனை முறை வந்தார்கள், எப்போது நின்றார்கள் என்று.

மூன்றாம் அட்டவணையில் ஒரு தவறு. 141, 128, 99. கூட்டினால் 368. அவள் 386 என்று போட்டிருந்தாள். களைத்த கை செய்கிற தவறு. அலுவலகப் பிரதியில் பென்சிலால் திருத்தினேன். மற்ற இரண்டு பிரதிகள் மதிப்பீட்டாளர்களுக்குப் போய்விட்டிருந்தன. ஒருவர் 'சிறு திருத்தங்களுடன் உடனே வெளியிடலாம்' என்றார். மற்றவர் 'கோட்பாட்டு அடித்தளம் இல்லை, எழுதியவர் ஆய்வாளர் அல்லர், நிராகரிக்கலாம்' என்றார். மற்றவர் என் கணவர். அந்த வருடம் மதிப்பீட்டாளர்கள் கிடைக்காமல் அவரே சிலவற்றைப் படித்தார்.

நிராகரித்தோம். மறுப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். நன்றாக எழுதினேன். அதுதான் எனக்குக் கைவந்த கலை. கத்தி தெரியாமல் வெட்டுவது.

இரண்டு வருடம் கழித்து அவர் தன் கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுத்தார். 'ஏழாவது வருகை'. மூன்றாம் அட்டவணை. 141, 128, 99. மொத்தம் 386.

அவரிடம் போனது திருத்தாத பிரதி.

நான் போய்க் கேட்டேன். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "என்னங்க, இது அந்தப் பொண்ணோட எண்ணிக்கை." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எண்ணிக்கை யாருக்கும் சொந்தமில்லை. அவகிட்ட இருந்திருந்தா இது அலமாரியிலயே செத்திருக்கும். மொத்தத்தைச் சரிபாத்துக்கோ" என்றார்.

சரிபார்த்தேன். 368 என்று மாற்றினேன். அச்சுக்கு அனுப்பினேன்.

நாற்பது வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது: என் இதழில் ஒரு பிழைகூட வந்ததில்லை.

சீ.

மார்ச் 16, ஞாயிறு

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தேன். இருமல் மிட்டாயைப் பாதி சப்பிவிட்டு, சுற்றி வந்த காகிதத்திலேயே மறுபடி சுற்றி வைப்பார். வாரம் ஒரு முறை நான் சுத்தம் செய்வேன். கடைசியாக ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. கத்தியால் சுரண்டினேன். வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஓய்வூதிய அலுவலகம், ஐந்தாவது முறை. (நான்காவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சிவப்பு.)

வாசலில் காவலாளி எழுந்து நின்று சிரித்தான். "வாங்க ரேகை அம்மா! இன்னிக்காவது விரல் பேசுமா?" வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், நல்லெண்ணத்தோடுதான், "எலுமிச்சம்பழம் தேச்சுப் பாருங்க, எனக்கு அப்படித்தான் வந்துச்சு" என்றார். எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். எழுபத்தொன்பது வயதில், ஒரு வாசலில், எனக்கு.

விரல் பேசவில்லை.

மார்ச் 26, புதன்

மகன் பேசினான். வரலாறு எழுதுபவளிடம் பதிவேட்டைக் கொடுக்கப்போகிறேன், 214-ஐயும் சேர்த்து என்று சொன்னேன்.

"அம்மா, உனக்கு என்ன கோபம் அப்பா மேல? உன் பேரைப் போடலேன்னா?"

"அதுவும்தான்."

"அதுக்கு இப்படியா? அவர் பேர்ல லெக்சர் நடக்குது. என் பசங்க அதைப் பாத்துப் பெருமைப்படறாங்க. அந்தம்மா உயிரோட இருக்காங்களான்னுகூட உனக்குத் தெரியாது. யாருக்காக இதெல்லாம்?"

"தெரிஞ்சுக்கறேன்."

"நீ பிடிச்சா பிடிச்சதுதான்" என்று வைத்துவிட்டான். சின்ன வயதில் கணக்கில் விடையை மட்டும் பார்த்து எழுதுவான், வழியை எழுத மாட்டான். அப்போதே உதைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

இயக்குநர் நேரில் வந்தார். வாசனைத் தைலம் அறை முழுக்க. அவர் போய் இரண்டு மணி நேரமாகியும் திரைச்சீலையில் நிற்கிறது.

நான் 214 பற்றிச் சொன்னதை வரலாறு எழுதுபவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்ல வேண்டியது அவள் கடமை. அவர் பூசி மெழுகினார். அந்தக் காலத்து நடைமுறைகள் வேறு, மேடம். தரவுகளைப் பகிர்ந்துகொள்வது சகஜம், மேடம். இறந்தவரால் பதில் சொல்ல முடியாது, மேடம். பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். வரலாற்றின் இரண்டாம் பக்கம், அச்சுக்குத் தயாராக. நிறுவன ஆசிரியர் என்று என் கணவர் பெயர். அதன் கீழே, அதே அளவு எழுத்தில், நிறுவன நிர்வாக ஆசிரியர் என்று என் பெயர்.

"உங்க கோரிக்கை நியாயமானதுதான், மேடம். ரொம்பக் காலம் முன்னாடியே செஞ்சிருக்கணும். முழு மனசோட செய்யறோம்." ஒரு நிமிடம் விட்டு: "அந்த இருநூத்திப் பதினாலு மட்டும் வேண்டாமே."

என் பெயர் அச்செழுத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை. அழகாக இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். அந்தச் சிரிப்பு!

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 'மாட்டேன்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தாள் மேசையில் இருக்கிறது. மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். என்னைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

ஏப்ரல் 9, புதன்

ஆறாவது முறை. தெருமுனையிலிருந்தே காவலாளி என்னைப் பார்த்துவிட்டான். கையை உயர்த்தினான், சிரிக்கத் தயாராக. நான் மருந்துக்கடைக்கு வந்தவள்போல் திரும்பி, எனக்குத் தேவையில்லாத ஒரு பற்பசையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? கால் வலிக்கவில்லை. வெயிலும் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நல அலுவலக ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குப் போன வாரம் கடிதம் எழுதியிருந்தேன். இன்று பதில். உயிரோடிருக்கிறாள். விலாசம் இருக்கிறது. பேருந்தில் முக்கால் மணி நேரம்.

ஏப்ரல் 17, வியாழன்

போனேன்.

தரைத்தளத்து வீடு. வாசலில் கொடியில் துணி. கொடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி, என்னைவிட ஆறேழு வயது சின்னவள் இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். கணக்கெடுப்பவர்கள் பார்க்கிற பார்வை.

"யாரு வேணும்?"

"காலாண்டிதழ்லேருந்து வரேன்."

"நான் சந்தா கட்டறதில்லையே."

"நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஒரு கட்டுரை அனுப்பினீங்க."

"அதுக்கு அப்பவே பதில் வந்தாச்சு." துணியை உதறினாள். "ரொம்ப அழகான லெட்டர். திட்டறாங்கன்னு ரெண்டாவது தடவை படிச்சப்பதான் புரிஞ்சுது."

"அதை எழுதினது நான்."

துணியை மடித்து முடித்தாள். அவசரமே இல்லை. "உள்ள வாங்க. நின்னுக்கிட்டே பேசினா கழுத்து வலிக்கும்."

தேநீர் கொடுத்தாள். கோப்பையின் விளிம்பு உடைந்திருந்தது, உள்ளே பழைய கறை. என் வீடாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பேன். குடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்தில் ஒத்திகை பார்த்த வரிசையிலேயே சொன்னேன். அவள் குறுக்கிடவில்லை. முடித்ததும் சொன்னாள்:

"அந்தக் கட்டுரை வந்தப்பவே படிச்சேன். எங்க ஆபீசுக்கு வரும். என்னோடதுன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுது. ஒண்ணு மட்டும் மாறியிருந்தது. மூணாவது அட்டவணையில மொத்தம். நான் தப்பாப் போட்டது எனக்கு அப்புறந்தான் தெரியும். யாரோ உக்காந்து சரி பண்ணியிருக்காங்க, கெட்டிக்காரங்கன்னு நினைச்சேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"ஏன் கேக்கல நீங்க?"

"யார்கிட்ட? லெட்டர் எழுதினவங்ககிட்டயா?" சிரித்தாள். கசப்பே இல்லாத சிரிப்பு, அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்குக் கோபம் எண்ணிக்கையை எடுத்ததுல இல்லம்மா. காரணத்தை விட்டுட்டு எடுத்தாரே, அதுல. ஏழாவது தடவைக்கு அப்புறம் ஜனங்க களைச்சுப் போயிடறாங்கன்னு எழுதினார். களைப்பா? நாலு மைல் நடந்து தண்ணி தூக்கறவங்க அவங்க. களைப்பு இல்ல, வெக்கம். ஆறு தடவை வந்துட்டா வாசல்ல நிக்கறவனுக்கே பேரு தெரிஞ்சுடும். 'வந்துட்டியா'ம்பான். நல்லவனாத்தான் இருப்பான். அந்த வார்த்தைக்குப் பயந்து ஏழாவது தடவை பாதி வழியில திரும்பிடுவாங்க. நான் பின்னாடியே போய்ப் பாத்திருக்கேன். கடையில நுழைஞ்சு எதையாவது வாங்கற மாதிரி நிப்பாங்க."

கைப்பையில் அந்தப் பற்பசை இன்னும் இருந்தது.

"அதை நாலு பக்கம் எழுதியிருந்தேன்" என்றாள். "அதுதான் கோட்பாடு இல்லாத பகுதின்னு லெட்டர்ல இருந்தது."

ஆம். அந்த வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது. 'அளவிட இயலாத உணர்வுகளைக் குறித்த பகுதி.' அரைமணி நேரம் செதுக்கினேன் அதை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை ஆட்டித் தடுத்துவிட்டாள். "அதெல்லாம் வேண்டாம். அது உங்களுக்கு நல்லாருக்கும், எனக்கு என்ன?" உள்ளே போய் அலமாரியைக் குடைந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்தாள். கார்பன் பிரதி. ஓரமெல்லாம் பழுப்பு. முதல் பக்கத்தில் அவள் பெயர், யாரும் வெட்டாமல்.

"இதை வேணும்னா எடுத்துட்டுப் போங்க. எழுத்து மங்கிடுச்சு, பாத்துப் படிங்க."

ஏப்ரல் 18, வெள்ளி

இயக்குநர் கொடுத்த தாளை நான்காக மடித்து அவருக்கே அஞ்சலில் திருப்பி அனுப்பினேன்.

மே 6, செவ்வாய்

இதழின் உள்ளட்டையில் எட்டு விதிகள் உண்டு, பொடி எழுத்தில். முதல் இதழிலிருந்து மாறாமல் வருகிறது. ஆறாவது: 'வெளியான கட்டுரையில் உள்ள உண்மைப் பிழையை எவரேனும் ஆதாரத்துடன் சுட்டிக்காட்டினால், அக்கடிதம் அடுத்த இதழில் சுருக்கப்படாமல் வெளியிடப்படும்.' நான் எழுதிய விதி. ஐம்பது வருடத்தில் இதுவரை ஒருவரும் பயன்படுத்தவில்லை.

நான் பயன்படுத்தினேன். ஆசிரியருக்குக் கடிதம். கட்டுரையின் தலைப்பு, இதழ் எண், பிழை: ஆசிரியர் பெயர் தவறு. ஆதாரம்: பதிவேட்டின் பக்கம், ஒட்டிய துண்டு, இரண்டு மதிப்பீடுகள், கார்பன் பிரதி. பதினேழு வரி. அதில் ஒரு வரி: 'அக்கட்டுரையை நிராகரித்துக் கடிதம் எழுதியதும், பின்னர் அது வேறு பெயரில் வந்தபோது அறிந்தே அச்சுக்கு அனுப்பியதும் நான்.' கையெழுத்து.

மே 19, திங்கள்

இயக்குநர். தொலைபேசியில், இந்த முறை தேன் இல்லாமல்.

"மேடம், அந்த விதியெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம். யாரும் படிக்கறதுகூட இல்லை."

"நான் படிக்கிறேன். எழுதினதும் நான்தான்."

"சாரோட பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"நாப்பது வருஷமா யோசிச்சேன். போதும்."

"போடலேன்னா?"

"விதியை உள்ளட்டையிலிருந்து எடுத்துடுங்க. எடுத்த காரணத்தையும் அங்கேயே போடுங்க. அதையும் நானே திருத்தித் தரேன்."

வரலாறு எழுதுபவள் பக்கத்தில் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. யாரோ சிரிப்பை அடக்கி இருமியது கேட்டது. மூடி தொண்டையில் சிக்கியிருக்காது என்று நம்புகிறேன்.

ஜூன் 11, புதன்

போடுகிறார்கள். என் கடிதத்தோடு, மூலக் கட்டுரையையும் முழுதாக. மணிமகுட அத்தியாயத்தை வரலாறு எழுதுபவள் முதலிலிருந்து எழுதுகிறாளாம். இந்த வருடம் சொற்பொழிவு நடக்காது. அடுத்த வருடம் என்ன பெயர் என்று பேசவில்லை.

வரலாற்றின் இரண்டாம் பக்கத்தில் என் பெயர் வராது என்றும் இயக்குநர் தெரிவித்திருக்கிறார். 'இன்றைய சூழலில் பொருத்தமாக இராது' என்று. மோசமான வாக்கியம். நான் எழுதியிருந்தால் இதைவிட வலிக்காமல் எழுதியிருப்பேன்.

மகன் பேசவில்லை. பதினொரு வாரமாகிறது. எண்ணிக்கை என்றால் எனக்குப் பிழைக்காது.

ஜூன் 24, செவ்வாய்

ஓய்வூதிய அலுவலகம். ஏழாவது முறை.

"வந்துட்டீங்களா, ரேகை அம்மா!" என்றான்.

"வந்துட்டேன்" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

இன்னும் சிவப்புதான். ஆனால் நகம் கடிக்கிறவள் அலுத்துப்போய் ஒரு தாளை நீட்டினாள். பழைய மாதிரியே கையெழுத்துப் போட்டேன். முதல் நாளே அந்தத் தாள் அங்கேதான் இருந்திருக்கிறது, அவள் முழங்கைக்குக் கீழே. என்ன ஜன்மங்கள்!

ஜூலை 16, புதன்

அச்சுப் படிகள் வந்தன. மெய்ப்புப் பார்க்கும்படி என்னிடமே அனுப்பியிருக்கிறாள், வரலாறு எழுதுபவள். 'உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாது' என்று ஒரு சீட்டு. மென்ற மூடியின் அடையாளம் சீட்டின் ஓரத்தில்.

முதலில் என் கடிதம். அடியில் என் பெயர். காலாண்டிதழில் முதல் முறை. இயக்குநர் காட்டிய தாளில் இருந்த அளவுக்குப் பெரிய எழுத்து இல்லை.

அடுத்து கட்டுரை. தலைப்புக்குக் கீழே அவள் பெயர். பார்த்தவுடன் என் வலது கை தானாகவே மேசைமேல் கத்தரிக்கோலைத் தேடியது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வரிக்கு வரி படித்தேன். வெட்கத்தைப் பற்றிய நான்கு பக்கத்தை இரண்டு முறை. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, ஒரு ஒற்று. குறித்தேன். பிறகு மூன்றாம் அட்டவணை. 141, 128, 99. மொத்தம் 386.

பென்சிலை எடுத்துவிட்டு, விதிப்படி எழுதியவளைக் கேட்க வேண்டுமே என்று தொலைபேசியில் அழைத்தேன்.

"அதைத் தொடாதீங்க" என்றாள்.

"தப்பும்மா அது. படிக்கறவங்க உங்களைத்தான் சொல்வாங்க."

"சொல்லட்டும். நீங்க திருத்தின மொத்தம் அவர் கட்டுரையில இருக்கு. அது அங்கயே இருக்கட்டும். எனக்கு என்னோடது போதும்."

வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தேன். என் வாழ்நாளில் கண்ட ஒரு பிழையைக் கடந்து போனதில்லை. கண் கூசியது, பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உறையில் போட்டு ஒட்டி, நானே தபால்பெட்டி வரை போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

386.